பதினொரு மணிக்குத் தெளிந்த வானம்

நீலகிரியில் மூடுபனி அரிது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். குடித்துவிட்டு உளறியதாக நினைக்க வேண்டாம். பல வருடம் சிவில் இன்ஜினியராகக் குப்பை கொட்டிய பிறகு, நல்ல நினைவோடு, நீலப் பேனாவால் மூன்று பிரதிகளிலும் போட்டேன். மூன்றாவது பிரதியில் கையெழுத்து கொஞ்சம் அழகாகக்கூட வந்திருந்தது.

விமான நிலையம் என்றதும் எல்லோரும் விமானத்தை நினைக்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு விமானம் கடைசியில்தான் வரும். எங்கள் வேலை ஆள் எண்ணுவது. வருடத்திலேயே நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்கிற அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துவிட்டால் போதும். கூடம் எத்தனை அடி, பெட்டி சுற்றி வரும் பட்டை எத்தனை நீளம், வாசலில் எத்தனை கார், கழிப்பறையில் எத்தனை கோப்பை என்று எல்லாம் அதன் வயிற்றிலிருந்து வரிசையாகப் பிறக்கும். மொத்தத்தையும் கூட்டினால் எவ்வளவு நிலம் என்று வரும். நிலம் வந்ததும் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குள் குடியிருப்பவர்கள் கிளம்ப வேண்டும். ஆக, ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்காகக் கழிப்பறைக் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறவன் நான். என் மனைவி உறவுக்காரர்களிடம் ‘ஏர்போர்ட் கட்டறார்’ என்று சொல்வாள். நான் திருத்துவதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வேலை வந்தது. கீழ் கோத்தகிரிப் பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டின் நீண்ட முகட்டில் சின்ன விமானங்கள் இறங்குகிற மாதிரி ஒரு நிலையம் அமைக்க முடியுமா, அமைத்தால் எத்தனை பேரைத் தாங்கும் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து நானும் எங்கள் சீனியரும் போனோம். அவர் தங்கமான மனிதர். அலுவலகத்தில் யார் வீட்டுக் காதுகுத்துக்கும் முதல் ஆளாக நிற்பார். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே விடையைத் தெரிந்துகொண்டுவிடுவது அவருடைய வழக்கம்.

“ஏம்ப்பா, வேல குடுத்தவிங்களுக்கு எத்தன வேணுமாம்?” என்று கேட்டார்.

“எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேனுங்க.”

“எண்றது இருக்கட்டும். வேணுங்கறது எத்தன?”

வேண்டிய எண் மெல்லத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணை நோக்கி எண்ணத் தொடங்கினோம். மலர்க்காட்சி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஊட்டியில் கால் வைக்க இடமில்லாத அந்த வாரத்தில், நகராத கார்களின் நடுவே ஒரு படிவத்தோடு நான் நின்றேன். ‘விமான வசதி இருந்தால் வருவீர்களா?’ என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டேன். இரண்டு மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறவனிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வான்? ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். படிவத்தைக் காட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, “பீரங்கியில வெச்சுச் சுட்டாக்கூட வர்றேன் சார், இந்த ரோடு மட்டும் வேண்டாம்” என்றார். ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன். அந்த வாரத்து ஊட்டியை எடுத்து, வருடம் முழுவதும் அப்படித்தான் என்று கணக்கில் பரப்பினோம். வேண்டிய எண் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

எத்தனை பேர் வருவார்கள் என்பது பாதி வேலை. எத்தனை விமானம் இறங்க முடியும் என்பது மறுபாதி. சின்ன விமானத்தை ஓட்டுகிறவர் அந்த முகட்டில் ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். அதற்கும் ஒரு படிவம் உண்டு. முகட்டின் ஒரு முனையில் நின்றுகொண்டு, மறுமுனையிலுள்ள சில்வர் ஓக் மரம் தெரிகிறதா, அதற்கப்பால் டீ ஃபேக்டரியின் புகைபோக்கி தெரிகிறதா, எதிர்மலை தெரிகிறதா என்று காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கொருமுறை பார்த்து டிக் அடிக்க வேண்டும்.

ஆறு மணிக்கு நாங்கள் கோயம்புத்தூரில் போர்வைக்குள் இருப்போம். மேட்டுப்பாளையத்தில் ஒரு குறிப்பிட்ட கடையில் இட்லி சாப்பிடாமல் மலையேறினால் சீனியருக்கு அன்றைய நாள் விளங்காது. சாப்பிட்ட இட்லியை நாலாவது வளைவில் திருப்பிக் கொடுக்காவிட்டால் எனக்கு விளங்காது. ரோடு போடப் படித்தவன். ரோட்டோரத்தில் குனிந்து நிற்பேன். சீனியர் இறங்கி என் முதுகைத் தடவிக்கொண்டே, “இதுக்குத்தாம்ப்பா ஏர்போர்ட்டு வேணுங்கறது” என்பார். ஒருவழியாக முகட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். மரம், புகைபோக்கி, எதிர்மலை மூன்றுக்கும் டிக். ஆறு மணி முதல் பத்து மணி வரையிலான கட்டங்கள் காலியாகக் கிடக்குமே, அவற்றில் பதினொரு மணிக்குத் தெரிந்ததையே போட்டுவிடுவோம். மரம் எங்கே போகப்போகிறது? பதினொரு மணிக்கு நிற்கிற மரம் ஆறு மணிக்கும் அங்கேதானே நின்றிருக்கும்!

மூன்று மணிக்குச் சீனியர் வாட்சைப் பார்ப்பார். “பனி எறங்கறதுக்குள்ள கெளம்பீரலாம்ப்பா. அப்பறம் ரோடு தெரியாது.” அவசர அவசரமாக நாலு, ஐந்து, ஆறு மணிக் கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டு, பனிக்குப் பயந்து காரில் ஏறுவோம். இதில் ஒரு கோணல் இருப்பது பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட என் மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்வதும் பொய்தான். ஏறியது. கையும் டிக் அடித்துக்கொண்டே இருந்தது.

முகட்டின் ஓரத்தில் எட்டு அறைகள் கொண்ட ஒரு வரிசை வீடு. மற்றவர்கள் அதை லைன் வீடு என்றார்கள். கடைசி அறையில் இருந்த அம்மா மட்டும் லயம் என்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொழுந்து பறிக்கிறவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தவர். இந்த அம்மாவின் வாசலிலிருந்து நாலு அடி தள்ளித்தான் நாங்கள் சிவப்புச் சாயம் பூசிய ஒரு கட்டையை அடித்திருந்தோம். எங்களுக்குச் சாயத்தண்ணீர், அதாவது பால் விடாத டீ, கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“இந்தக் கட்டை ஏன் தொரை எங்க வாசல்ல நிக்குது?”

“சும்மா அடையாளம்மா. கார் நிறுத்தற எடம் அதுக்கும் தாண்டி வருது.”

“யாரு காரு?”

“பிளேன்ல வர்றவங்களை ஏத்திட்டுப் போற காரு.”

“ஆகாசத்துல வந்தவங்களுக்குக் காரு வேறயா? அப்ப எறங்குனதும் நடக்க மாட்டாங்களா?”

சீனியர் சிரித்து, சாயத்தண்ணீர் புரையேறி, இருமினார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எஸ்டேட் வேலையில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் அந்த அறை. அவருக்கு இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் பாக்கி. அதற்குள் மருமகளை வேலையில் சேர்த்துவிட்டால் அறை கைவிட்டுப் போகாது. அதுதான் அவர் போட்டிருந்த திட்டம். எங்களுடையதைவிடத் திறமையான திட்டம். எங்கள் சிவப்புக் கோடு வந்தால் அறை போகும். பட்டா கிடையாது, கேட்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

“ஒருக்கா பெட்டி கட்டுனது போதும் தொரை” என்றார். “ஒண்ணு செய்யிங்க. ஒரு நாளு பெரட்டு நேரத்துக்கு வாங்க. ஆறரை மணிக்கு ஆளு பேரு கூப்புடுவாங்கள்ல, அப்ப. வந்து இங்க நின்னு ஒரு பிளேன எறக்கிக் காட்டுங்க. நானே கட்டைக்கு மாலை போடுறேன்.”

அந்தச் சவாலை ஏற்றுக்கொண்டு வீறுகொண்டு நான் போகவில்லை. நான் மறதிக்காரன். ஒரு நாள் மட்டம் பார்க்கும் கருவியை அவர் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சீனியர் பாதி வழியில், கோத்தகிரியில் என்னை இறக்கிவிட்டு, “தங்கியிருந்து காலைல எடுத்துட்டு வா” என்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது ஆறரை இருக்கும்.

முகட்டைக் காணவில்லை.

நான் அளந்து, கட்டையடித்து, மையக்கோடு போட்ட முகடு அது. வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. கையை நீட்டினால் முழங்கை வரைக்கும் என்னுடையது. அதற்கு மேல் யாருடையதோ. பழகிய இடம்தானே என்று நடந்தேன். பத்தடியில் தேயிலைச் செடி வயிற்றில் குத்தியது. திரும்பினேன். எந்தப் பக்கம் திரும்பினேன் என்று தெரியவில்லை. எங்கேயோ பெண்களின் குரல்கள் கேட்டன. “மூணாம் நெரை!” “எட்டாம் நெரை!” என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். செடி வரிசையைத்தான் நெரை என்பார்கள். ஆள் தெரியாத பனியில் ஒவ்வொருத்தியும் தன் வரிசையைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டேதான் பறிப்பாள். தோழிக்கும் தெரியும், காட்டுமாட்டுக்கும் தெரியும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு எதிரே ஒரு கருப்புச் சுவர் நின்றது. இங்கே சுவர் ஏது என்று யோசித்தேன். சுவர் மூச்சு விட்டது.

காட்டெருமையை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். படத்தில் அது வாசனை அடிப்பதில்லை. என் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“யாரது? எந்த நெரை?”

“நெரையில இல்லம்மா! ரன்வேயில நிக்கிறேன்!”

 மூன்றாம் நெரை, எட்டாம் நெரை, பன்னிரண்டாம் நெரை என்று மொத்த மலையும் சிரித்தது. இருபது பேர் சிரித்தால் காட்டெருமைக்கே சங்கடமாகிவிடும் போல. அது ஒரு வாய் புல்லை மென்று விழுங்கிவிட்டு, என்னை மதிக்காமல், மையக்கோட்டின் மேலேயே மெதுவாக நடந்து போனது.

“ஆடாம அங்கயே நில்லுங்க தொரை. ஓட்டம் வேணாம். அந்தப் பக்கம் பெரிய பள்ளக் கிடங்கு” என்றார் அந்த அம்மா.

நின்றேன். ஒன்பதரை வரைக்கும் நின்றேன். கால்சட்டை நனைந்தது பனியால் என்றுதான் இன்று வரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஒன்பதரைக்கு முதலில் என் ஷூ தெரிந்தது, அப்புறம் செடி, அப்புறம் அந்த அம்மா பனிக்காகத் தலையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கொங்காணி. பத்து மணி தாண்டித்தான் சில்வர் ஓக் மரம் வந்தது.

“எத்தன பிளேனு எறங்குச்சு தொரை?” என்றார்.

“இது தினமும் இப்படித்தானாம்மா?”

“என்னக் கேட்டா நான் என் வீட்டுக்காகச் சொல்றேம்பீங்க. ஃபேக்டரியில டீ மேக்கரு தினமும் எழுதி வைக்கிறாரு. அவருகிட்டப் போங்க.”

போனேன். பச்சைக் கொழுந்தை வாடவிடுகிற மாடியில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று பார்த்து, தினம் விடிகாலையில் டீ மேக்கர் ஒரு நோட்டில் குறிக்கிறார். ஈரம் எவ்வளவோ அதற்கேற்ற மாதிரி விசிறியை ஓட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு வார்த்தை: மிஸ்ட். அடுத்த நாள்: மிஸ்ட். பக்கம் பக்கமாக, நோட்டு நோட்டாக, பல வருடத்துக்கு. இடையிடையே ஒரு ‘கிளியர்’ எட்டிப் பார்த்தது. அந்த மனிதருக்கு யாரும் படிவம் கொடுக்கவில்லை. ஆறு மணிக்கு ஆறு மணியைத்தான் எழுதினார். பன்னிரண்டு நாள் படிவம் என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது. எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

சீனியர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நான் நல்லவனாகியிருப்பேன். அவர் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

“ஏம்ப்பா, ஏர்போர்ட்டுக்குப் போனியா, டீத்தூள் வாங்கப் போனியா?”

“முக்காவாசி நாள் காலைல பிளேன் எறங்க முடியாதுங்க. நம்ம எண்ணு நிக்காது.”

“செரி. இத யாரு பாக்கோணும்?”

“அறிக்கையப் படிக்கிறவங்க.”

“பாக்கட்டும். பின்னிணைப்புல போட்ரலாம். மண் பரிசோதனைக்குப் பின்னால. நம்ம மறைக்கலயல்லோ? போச்சாது உடு.”

அப்படியே ஆயிற்று. கட்டுக்கட்டான காகிதங்களின் அடியில், மண் பரிசோதனையின் முதுகுக்குப் பின்னால், டீ மேக்கரின் நோட்டு போய்ப் படுத்துக்கொண்டது. முன்பக்கத்து அட்டவணையில் எங்கள் டிக்குகள் நின்றன. ‘இப்பகுதியில் மூடுபனி அரிதாகவே காணப்படுகிறது’ என்ற வாக்கியம் என்னுடையது. ‘அரிதாகவே’யில் இருக்கும் ஏகாரம்கூட என்னுடையதுதான். என்னை யாரும் மிரட்டவில்லை. அன்று மாலை வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. சீக்கிரம் போக வேண்டும். கையெழுத்துப் போட்டதற்கு இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது தேறுமா என்று பல தடவை துழாவிப் பார்த்துவிட்டேன். மாட்டவில்லை.

அந்தத் திட்டத்துக்கு யாரும் சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பு எங்கேயோ தூங்கியது. அப்படியானால் பாவம் தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். கருவியைத் திருப்பிக் கொடுத்த அன்று என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்.

“தொரை, கூரைத் தகரம் நாலு எடத்துல ஓட்ட. போன ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள்ள வாளி வெச்சோம். மாத்தித் தாங்கன்னு கேட்டா, ஏர்போர்ட்டுக்குப் போற எடத்துக்கு எதுக்குத் தகரம்ங்கிறாங்க. மருமகப்புள்ளயவும் வேலைக்குச் சேக்க மாட்டேங்கிறாங்க. தோட்டத்துல இந்த டிவிசனே இருக்குமோ இருக்காதோன்னு.”

விமானம் ஒன்றுகூட வராமலே நாங்கள் அந்த வீட்டை இடித்துக்கொண்டிருந்தோம்.

“நீங்க ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. பிளேனு எறங்காதுன்னு. நீங்க படிச்சவுக, எழுதுனா நம்புவாக.”

எழுதினேன். ஒரு பக்கம். அந்த முகட்டில் பெரும்பாலான காலைகளில் விமானம் இறங்கச் சாத்தியமில்லை. அங்கே நிலையம் வர வாய்ப்புக் குறைவு. லயங்களைப் பழுது பார்ப்பதில் தடையில்லை. என் பதிவு எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை இங்கே எழுதும்போது எனக்கே வாயில் ஒரு மாதிரி புளிக்கிறது.

பத்து நாளில் மறுபடி போன். “ரெண்டும் உங்க கையெழுத்துதானாம் தொரை. எத நம்புறதுன்னு மேனேஜரு கேக்குறாரு. நேர்ல வந்து சொல்லிப்புட்டுப் போங்க.”

இந்தத் தடவை இட்லி சாப்பிடாமல் போனேன். எஸ்டேட் ஆபீசில் மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். காப்பி வரவழைத்தார். மேசைமேல் எங்கள் அறிக்கையின் பக்கம் ஒன்றையும் என் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கதவருகே நின்றிருந்தார்.

“கடிதம்தாங்க சரி” என்றேன். “அறிக்கையில இருக்கறது தப்பு. நாங்க பதினொரு மணிக்குத்தான் போவோம்.”

“எனக்கும் தெரியும் சார். நான் இங்கயே இருக்கிறவன். பனி எனக்குத் தெரியாதா?” என்றார் மேனேஜர். “ஆனா எஸ்டேட் கம்பெனிக்கு நான் பனியை அனுப்ப முடியாது. காகிதம்தான் அனுப்பணும். முதல்ல குடுத்த அறிக்கை தவறுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். நாளைக்கே தகரம் எறக்கிடறேன். அவங்க மருமகளையும் சேத்துக்கறேன்.”

பேனாவையும் அவரே எடுத்து வைத்தார். மூடியைக்கூடக் கழற்றி வைத்தார்.

அந்த ஒரு வரி வெளியே போனால் என் பதிவு போகும், வேலை போகும், சீனியரின் பெயரும் சேர்ந்து போகும் என்று மனசு மளமளவென்று எண்ணியது. எண்ணுவதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே.

“ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதி அனுப்பறேங்க” என்றேன்.

மேனேஜர் தலையாட்டினார். அவர் இந்தப் பதிலை நிறைய முறை கேட்டிருப்பார்.  அந்த அம்மா “வர்றேங்க” என்று மேனேஜரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. கொங்காணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

ஆபீசில் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது கேட்காமலே தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஐப்பசி மழையில் லயத்தின் கடைசி அறையில் கூரை இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வீஸ் முடிய ஒரு வருடம் இருக்கும்போது அந்த அம்மா வேலையை விட்டுவிட்டார். ஊட்டி காந்தலில் ஒரு வாடகை அறையில், மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிற மகனோடு இருப்பதாக டீ மேக்கர் சொன்னார். நம்பரும் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். மகன்தான் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது.

“அம்மா தூங்குது சார்” என்றார்.

பகல் பன்னிரண்டு மணி. அந்தப் பெண்மணி வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்த நேரத்தில் தூங்கியிருக்க மாட்டார்.

“சரிங்க. எந்திரிச்சதும் சொல்லுங்க” என்று வைத்துவிட்டேன்.